அப்பா "ஒரு ஊசி போட்டு விட்டுடச் சொல்லு"ங்கிறாரு, சட்டம் ஏன் விடமாட்டேங்குது?

உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். அப்பாவுக்கு 71 வயசு, வாய்ல கேன்சர், ஆபரேஷன் பண்ணி ரேடியேஷன் கொடுத்து எட்டு மாசம் நல்லா இருந்துட்டு இப்ப கழுத்துல திரும்ப வந்துடுச்சு, இனிமே பண்றதுக்கு ஒன்னுமில்லன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அவரு தெனமும் "டாக்டர்கிட்ட சொல்லி ஒரு ஊசியப் போட்டு விட்டுடச் சொல்லு"ங்கிறாரு. சுவிட்சர்லாந்துல, அமெரிக்காவுல எல்லாம் சட்டமாவே இருக்கு, நம்ம நாட்டுல மட்டும் ஏன் விடமாட்டேங்குறாங்க, அதுலயும் டாக்டருங்களே ஏன் எதுக்குறீங்கன்னு கேட்டிருக்கீங்க. மேலாக்கப் பாத்தா சட்டத்தப் பத்தின கேள்வி தான், ஆனா எனக்கு ஒரு கேள்வி மேல இன்னொன்னு ஏறி உக்காந்திருக்குற மாதிரி தெரியுது. மேல இருக்குறது, சாவக் கேக்குற ஒரு மனுசனுக்கு டாக்டர் உதவலாம்னு சட்டம் சொல்லணுமா வேண்டாமா. அடியில இருக்குறது, அப்பா இப்படிக் கேக்கும்போது நான் என்ன தான் பண்றது. அடியில இருக்குறதுக்கு என்கிட்ட தெளிவான பதில் இருக்கு. மேல இருக்குறதுக்கு பாதி தெளிவும் பாதி தடுமாற்றமும் தான் இருக்கு, அத மறைக்காம சொல்லிடறேன்.

நான் முதல்ல மயக்க மருந்து டாக்டர், கொஞ்ச வருசம் ஐசியுல இருந்தேன், அப்புறம் தெக்கத்திப் பக்கம் ஒரு மாவட்டத்துல பல்லியேட்டிவ் கேருக்கு வந்துட்டேன். குணமாக்க முடியாத நோயில வலி, மூச்சுத்திணறல், வாந்தி, நாத்தம் புடிச்ச புண்ணு, தூக்கமின்மை இதெல்லாம் கொறைக்கிற வேலை, பாதி நாள் வீடு வீடா போறது தான். 16 வருசம் ஆச்சு. வக்கீல் கிடையாது, தீர்ப்பெல்லாம் படிச்சது தொழிலுக்கு தேவைப்பட்டதால. இன்னொன்னு, தச்சனுக்கு பாக்குற மரமெல்லாம் கட்டிலாத் தெரியுமாம், வலிக்கு வைத்தியம் பாக்குறவனுக்கு மனுசன் சொல்ற எல்லாமே வலியாத்தான் தெரியும். அந்தச் சாய்வு என்கிட்ட உண்டு, அதக் கழிச்சிட்டு படிங்க.

கருணைக்கொலைன்னு ஒரே வார்த்தைக்குள்ள நாம நாலு வேற வேற காரியத்தப் போட்டு அடைச்சு வச்சிருக்கோம், சண்டையில பாதி அதனால தான் வருது. புத்தி தெளிவா இருக்குற ஒருத்தரு "எனக்கு இந்த ட்யூப் வேணாம், டயாலிசிஸ் வேணாம்"னு மறுக்குறது ஒன்னு. நினைவு திரும்பவே வழியில்லாத ஒருத்தருக்கு வச்ச வென்டிலேட்டர எடுக்குறது ரெண்டாவது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து நோயாளி தன் கையால எடுத்துக் குடிக்கிறது மூணாவது, இதத்தான் டாக்டர் உதவியோட சாவுங்கிறாங்க. டாக்டரே ஊசி போடுறது நாலாவது. நம்ம நாட்டுல முதல் ரெண்டுக்கும் சட்டத்துல இடம் இருக்கு, பின்னாடி ரெண்டுக்கும் கிடையாது. மருந்து கொடுத்து உதவுனா தற்கொலைக்கு உடந்தைன்னு பாரதிய நியாய சன்ஹிதா 108-வது பிரிவுல பத்து வருசம் வரைக்கும் ஜெயில், ஊசியே போட்டா கொலைக் குத்தத்து வரிசையில வந்துடும், அவரு கேட்டாருங்கிறதுக்காக அது குத்தம் இல்லாம போகாது. இதெல்லாம் போக, கடுமையான வலிக்குக் கொடுக்குற மார்ஃபின் மருந்தையும் சில பேரு இந்தப் பட்டியல்ல சேத்துடறாங்க. "மார்ஃபின் ஆரம்பிச்சிட்டாங்கன்னா ஆள முடிக்கப் போறாங்கன்னு அர்த்தம்"னு எங்க ஊர்ல திண்ணைக்குத் திண்ணை பேசுவாங்க. சுத்தப் பொய். வலிக்குத் தகுந்த அளவுல கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கொடுத்தா மார்ஃபின் ஆயுசக் கொறைக்கிறதில்ல. இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. என் நோயாளிங்கள்ல மார்ஃபின் சாப்பிட்டுக்கிட்டே பேத்தி கல்யாணத்துக்கு பஸ்ல போய்ட்டு வந்தவங்க இருக்காங்க.

சட்டம் எப்படி இந்த எடத்துக்கு வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். 1996-ல கியான் கவுர் வழக்குல அஞ்சு நீதிபதிங்க உக்காந்து, வாழுற உரிமைக்குள்ள சாகுற உரிமை அடங்காதுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் அருணா ஷான்பாக். மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ், 1973 நவம்பர்ல அங்கயே வேலை பாத்த ஒருத்தன் தாக்கி நாய்ச் சங்கிலியால கழுத்த இறுக்கினதுல மூளைக்கு ரத்தம் போகாம, அன்னையிலருந்து 42 வருசம் அதே ஆஸ்பத்திரி படுக்கை. பிங்கி விரானிங்கிற பத்திரிகையாளர் அவங்களுக்கு சாப்பாடு ஊட்டுறத நிறுத்த அனுமதி கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. யாரு எதுத்தாங்க தெரியுமா, அந்த ஆஸ்பத்திரி நர்சுங்க. இத்தனை வருசமா அவங்க உடம்புல ஒரு படுக்கைப்புண் கூட வராம பாத்துக்கிட்டவங்க, இவ எங்க ஆளு, நாங்க பாத்துக்குவோம்னு நின்னாங்க. 2011 மார்ச்ல கோர்ட் நர்சுங்க பக்கம் நின்னு மனுவ தள்ளுபடி பண்ணுச்சு, ஆனா அதே தீர்ப்புல, இது மாதிரி நிலைமையில ஹைகோர்ட் அனுமதியோட சிகிச்சைய நிறுத்தலாம்னு முதல் தடவையா கதவத் தொறந்துச்சு. அருணா 2015 மே மாசம் நிமோனியால தான் போய்ச் சேந்தாங்க. படுக்கைப்புண் இல்லாம 42 வருசம்ங்கிறது என்ன மாதிரி உழைப்புன்னு இந்த வேலையில இருக்குறவங்களுக்குத் தான் தெரியும். அந்தக் கேஸ்ல யாரு பக்கம் நியாயம்னு என்னால இன்னைக்கு வரைக்கும் சொல்ல முடியல.

2005-லயே காமன் காஸ்ங்கிற அமைப்பு போட்ட மனு மேல 2018 மார்ச் 9-ம் தேதி அஞ்சு நீதிபதி அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு, கண்ணியத்தோட சாகுறதும் வாழுற உரிமையில ஒரு பகுதின்னு. எனக்கு நினைவு தப்பிப் போனா இன்னின்ன வைத்தியம் பண்ணாதீங்கன்னு முன்னாடியே எழுதி வைக்கிற லிவிங் வில்லுக்கும் அதுல தான் அங்கீகாரம் கிடைச்சது. ஆனா எழுதினா மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும், அப்புறம் ஆஸ்பத்திரி போர்டு, அதுக்கு மேல கலெக்டர் போடுற போர்டுன்னு அடுக்குனதுல நடைமுறையில யாராலயும் அதப் பயன்படுத்தவே முடியல. 2023 ஜனவரியில அத சுளுவாக்குனாங்க. இப்ப 18 வயசு ஆன யாரும் ரெண்டு சாட்சி வச்சு எழுதி நோட்டரிகிட்டயோ கெஜட்டட் ஆபீசர்கிட்டயோ கையெழுத்து வாங்கினா போதும். சிகிச்சைய நிறுத்தணும்னா ஆஸ்பத்திரியில மூணு டாக்டர் போர்டு ஒன்னு பாத்து முடிவு பண்ணும், ரெண்டாவதா இன்னொரு மூணு பேர் போர்டு சரிபாக்கும், ரெண்டும் கூடுமான வரை 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், எடுக்குறதுக்கு முன்னாடி மாஜிஸ்திரேட்டுக்கு தகவல் போகணும். 2025 ஜனவரியில கர்நாடகா இத நடைமுறைப்படுத்தி உத்தரவு போட்டுச்சு. ஆனா நோட்டரி ஆபீஸ்ல போய் லிவிங் வில்லுன்னு சொன்னா "சொத்து எங்க இருக்கு"ன்னு கேக்குற நிலைமை தான் இன்னும்.

இப்ப உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வரணும். வென்டிலேட்டர எடுத்தா சாகப்போறாருன்னு தெரிஞ்சே எடுக்குறீங்க, ஊசி போட்டா மட்டும் பாவமா, ரெண்டுலயும் கை உங்க கை தானேன்னு. சரியான கேள்வி. ஐசியுல ராத்திரி மூணு மணிக்கு சுவிட்ச அணைச்ச கை என்னோடது, சட்டம் சொல்ற மாதிரி அவ்வளவு சுத்தமா ரெண்டையும் பிரிக்க முடியாதுன்னு எனக்கே தெரியும். ஆனாலும் பிரிக்கிறேன், ஏன்னு சொல்றேன். அமெரிக்காவுல நியூ ஜெர்சியில கேரன் ஆன் குயின்லன்னு ஒரு சின்னப் பொண்ணு, 1976-ல கோர்ட் அனுமதியோட வென்டிலேட்டர எடுத்தாங்க, எல்லாரும் போயிடும்னு நெனச்சாங்க, அந்தப் பொண்ணு தானா மூச்சு விட்டு 1985 வரைக்கும் இருந்துச்சு. அது சாகலங்கிறதால யாரும் மறுபடி ஏதாச்சும் பண்ணி முடிக்கல. ஏன்னா அவங்க செஞ்சது நாம வச்சத நாமளே எடுக்குறது, அவ்வளவு தான். ஊசின்னா அப்படி கிடையாது. முதல் ஊசியில போகலன்னா ரெண்டாவது போடுவோம். சாவு வந்தாத்தான் அந்த வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாப் படுது, ஆனா வலியில துடிக்கிறவருக்கு இது வெறும் டாக்டருங்க மனசாட்சிக் கணக்கு தான்னு நீங்க சொன்னா எனக்குக் கோபம் வராது.

வெளிநாட்டுக் கதைய சுருக்கமா சொல்றேன், ஏன்னா இதுல தான் நம்மாளுங்க நெறைய கொழப்பிக்கிறாங்க. சுவிட்சர்லாந்துல டாக்டர் ஊசி போடுறதுக்கு அனுமதியே கிடையாது. 1942-ல அமலுக்கு வந்த அவங்க தண்டனைச் சட்டத்துல, சுயநலத்துக்காக ஒருத்தர் தற்கொலைக்கு உதவுனா குத்தம்னு இருக்கு, சுயநலம் இல்லன்னா குத்தம் இல்ல, அந்த இடுக்குல தான் எல்லாம் நடக்குது. அமெரிக்காவுல நாடு முழுக்க கிடையாது, சில மாநிலத்துல மட்டும், முதல்ல ஆரம்பிச்சது ஆரிகன், 1997. ஆறு மாசத்துக்குள்ள இறந்துடுவாருன்னு ரெண்டு டாக்டர் சொல்லணும், தன் கையால தான் குடிக்கணும். நெதர்லாந்துல 2002-லருந்து ஊசியும் உண்டு, சாகப்போற நோயா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, மீள வழியில்லாத தாங்க முடியாத துன்பம்னா போதும், இப்ப அங்க நடக்குற சாவுல இருபதுல ஒன்னுக்கு மேல இப்படித்தான். கனடா 2016-ல சாவு நெருங்கினவங்களுக்குன்னு ஆரம்பிச்சு 2021-ல சாவு நெருங்காதவங்களுக்கும்னு விரிச்சிடுச்சு, 2023-ல மட்டும் 15,343 பேரு. மனநோய் மட்டும் இருக்குறவங்களுக்கும் கொடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டு, அத அமல்படுத்துறத 2027-க்கு தள்ளி வச்சிருக்காங்க.

சட்டம் வேணும்ங்கிறவங்க பக்கம் இருக்குற நியாயத்த முதல்ல சொல்லிடறேன், ஏன்னா எங்க ஆளுங்க அதக் கொறச்சுத் தான் சொல்லுவாங்க. பல்லியேட்டிவ் கேர் டாக்டர் யாரக் கேட்டாலும் "வலியக் கொறச்சுட்டா யாரும் சாவக் கேக்க மாட்டாங்க"ம்பாங்க. ஆரிகன் கணக்கு அதுக்கு எதிரா நிக்குது. அங்க அந்த மருந்தக் கேட்டவங்க சொன்ன காரணத்துல முதல்ல நிக்கிறது வலி இல்ல, "என் காரியத்த நானே பாத்துக்க முடியல", "எனக்குப் புடிச்ச எதையும் செய்ய முடியல". வலி, இல்லன்னா வலி வந்துடுமோங்கிற பயம், மூணுல ஒருத்தர் தான் சொல்றாங்க. அதுவும் அவங்கள்ல பெரும்பாலானவங்க ஏற்கனவே நல்ல பல்லியேட்டிவ் கேர்ல இருந்தவங்க. படிச்சவங்க, இன்சூரன்ஸ் இருந்தவங்க, ஏழைங்களத் தள்ளிவிடுவாங்கன்னு சொன்ன பயம் ஆரிகன்ல நடக்கல, இதையும் ஒத்துக்கணும். இன்னொரு விசயம் எனக்கு ரொம்பப் புடிச்சது: 2023-ல அங்க 560 பேருக்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்காங்க, குடிச்சு இறந்தவங்க, முன் வருசம் வாங்கி வச்சிருந்தவங்களையும் சேத்து 367. மூணுல ஒரு பங்கு பேரு வாங்கி அலமாரியில வச்சுட்டு குடிக்காமலே, நோயாலயே போய்ச் சேருறாங்க. கதவு தொறந்திருக்குன்னு தெரிஞ்சாலே உள்ள உக்காந்திருக்க முடியுது சிலரால. தமிழங்களுக்கு இது புதுசும் கிடையாது, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தத பள்ளிக்கூடத்துல பெருமையாத்தான படிச்சோம், செஞ்சி பக்கம் திருநாதர்குன்றுல 57 நாள் சாப்பிடாம இருந்து உயிர விட்ட சந்திரநந்தின்னு ஒரு சமண ஆசிரியர் பேரு கல்லுல வெட்டி இருக்கு, இன்னைக்கும் போய்ப் பாக்கலாம். தன் சாவத் தானே தீர்மானிக்கிறது எல்லாமே கோழைத்தனம்னு நம்ம மரபு சொன்னதில்ல.

இந்தப் பக்கத்துக்கு வர்றேன். 1995-ல கனடாவுல வின்னிபெக்ங்கிற ஊர்ல, சாகுற நிலையில இருந்த 200 நோயாளிங்ககிட்ட உக்காந்து பேசி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேரு, 44.5 சதவீதம், "சீக்கிரம் போயிட்டா தேவல"ன்னு எப்பவாவது நெனச்சதா சொன்னாங்க. ஆனா விடாம, தீவிரமா சாவ விரும்புனவங்க 17 பேரு தான். அந்தப் பதினேழுல பாதிக்கு மேல பத்து பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்துச்சு, மத்தவங்கள்ல அது நூத்துக்கு எட்டு கூட இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் பாக்க முடிஞ்சது அவங்கள்ல ஆறு பேர மட்டும் தான், அதுல நாலு பேருக்கு அந்த ஆசை கொறஞ்சிருந்துச்சு. ஆறு பேருங்கிறது சின்ன எண்ணிக்கை, அத வச்சு கோட்டை கட்டக்கூடாது. ஆனா நான் வீடுகள்ல பாத்தது இதே தான். திங்கக்கிழமை "விசம் இருந்தா கொடு"ன்ன அம்மா, மலச்சிக்கல் சரியாகி ரெண்டு ராத்திரி தூங்கி எந்திரிச்சதும் வியாழக்கிழமை "அந்தப் பொண்ண டீ போட்டுக் கொடுக்கச் சொல்லு"ங்குது. மலச்சிக்கல்னு சொன்னா சிரிப்பீங்க, பத்து நாள் போகாம கெடந்து பாருங்க.

ஆறு மாசத்துக்குள்ள இறந்துடுவாருன்னு டாக்டர் சொல்லணும்னு ஒரு நிபந்தனை சொன்னேன்ல. அந்த விசயத்துல எங்க ஜோசியம் எப்படின்னும் சொல்லணும். 2000-ல வந்த ஒரு சிகாகோ ஆய்வுல 468 நோயாளிங்களுக்கு டாக்டருங்க சொன்ன கெடுவ நடந்ததோட ஒப்பிட்டாங்க, அஞ்சுல ஒன்னு தான் ஓரளவு சரியா இருந்துச்சு. பெரும்பாலும் அதிகமாச் சொல்லித்தான் தப்பு பண்ணினாங்க, கம்மியாச் சொன்னதும் உண்டு. நானும் "இன்னும் ஒரு வாரம்"னு சொன்ன பெரியவரு அடுத்த பொங்கலுக்கு கரும்பு கொடுத்தனுப்பினாரு.

ஆனா நான் தயங்குறதுக்கு உண்மையான காரணம் இந்த ஆய்வு எதுவும் இல்ல. ரெண்டு விசயம். முதல்ல, ஐசியு பில் கவுண்டர். முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல அடிக்கடி நடக்கும், வென்டிலேட்டர்ல ஒருத்தர் பதினோரு நாளா இருப்பாரு, மகன் நகைய அடகு வச்சாச்சு, அடுத்து வீட்டுப் பத்திரம்ங்கிற நிலைமையில வந்து நிப்பான். அந்த ஆளு பொழைக்க மாட்டாருன்னு எங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். சட்டப்படி போர்டு கூட்டி மெஷின எடுத்து, மூச்சுத் திணறாம மருந்து கொடுத்து, குடும்பத்தப் பக்கத்துல உக்கார வச்சு அனுப்பி வைக்கலாம். யாரும் பண்ண மாட்டாங்க, கேஸ் வந்துடும்னு பயம். "டாக்டர் சொல்லையும் மீறி நாங்களே கூட்டிட்டுப் போறோம்"னு ஒரு பேப்பர்ல மகன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு, ஆம்புலன்ஸ்ல ஒரு பையன் மூச்சு கொடுக்குற பலூன கையால அமுக்கிக்கிட்டே அறுபது கிலோமீட்டர் போவான், வீட்டு வாசல்ல எறக்கி வச்சதும் பலூன எடுப்பான். கையில ஒரு மார்ஃபின் ஊசி கூட இருக்காது. பெத்த அப்பன நான் தான் கொன்னுட்டேனோன்னு அந்த மகன் சாகுற வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருப்பான். இந்த மாதிரி எத்தனை சாவு நடக்குதுன்னு எந்தக் கணக்கும் இல்ல. இங்க சாவு எப்ப வரணும்ங்கிறத ஏற்கனவே காசு தான் முடிவு பண்ணிக்கிட்டு இருக்கு. அந்தக் கவுண்டர் பக்கத்துலயே இன்னொரு கவுண்டர் தொறந்து "உதவியோட சாவு இங்கே"ன்னு போர்டு மாட்டுனா யாரு வந்து வரிசையில நிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். கனடா எவ்வளவு வசதியான நாடு, அங்கயே 2022-ல, உதவி கேட்டு வந்த முன்னாள் ராணுவக்காரர்கிட்ட அரசு ஊழியர் ஒருத்தர், அவரு கேக்காமலே இந்த வழிய எடுத்துச் சொன்னதா புகார் வந்து நாடே கொந்தளிச்சுச்சு.

ரெண்டாவது தலைக்கூத்தல். மதுரை, விருதுநகர், தேனிப் பக்கம் ஆளுங்களுக்கு வெளக்கத் தேவையில்ல. படுத்த படுக்கையான கிழவன் கிழவிக்கு அதிகாலையில எண்ணெய் தேச்சு குளிப்பாட்டி, வீட்டு ஆளுங்களே சாக அனுப்பி வைக்கிற வழக்கம். 2010-ல விருதுநகர் மாவட்டத்துல ஒரு பெரியவரு, வீட்டுல இதப் பத்திப் பேசிக்கிட்டது காதுல விழுந்து தப்பிச்சு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாருன்னு செய்தி வந்தப்ப தான் வெளியூர்க்காரங்களுக்கு இது தெரிஞ்சுது. நான் போற ஊருங்கள்ல இதப் பண்ணினவங்களோட டீ குடிச்சிருக்கேன், அவங்க யாரும் அரக்கங்க கிடையாது. கூலி வேலைக்குப் போகலன்னா அடுப்பு எரியாத வீடு, மலமூத்திரம் அள்ள ஆள் இல்ல, வலிக்கு மருந்து இல்ல, கிழவி தெனமும் "என்னைய எடுத்துக்கப்பா சாமி"ன்னு புலம்பும். அந்தப் புலம்பல சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. கிழவிகிட்ட நேரா யாரும் கேக்கல, கேட்டிருந்தாலும் அது வேற என்ன சொல்லும்? மருமக மூஞ்சியப் பாத்து, "நான் இன்னும் இருக்கணும்"னு எந்தக் கிழவியாவது சொல்லுமா? நம்ம வீடுகள்ல வயசானவங்க சோறு இன்னும் கொஞ்சம் போடுன்னு கேக்கவே கூச்சப்படுறாங்க. ஆரிகன்லயே குடும்பத்துக்குப் பாரமாயிடுவோம்ங்கிறத நூத்துக்கு நாப்பது பேருக்கு மேல காரணமாச் சொல்றாங்க, அங்க வயசானவங்க பெரும்பாலும் பென்சன் வாங்குறவங்க. இங்க அது எவ்வளவா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு டாக்டர் ரெண்டு சாட்சி வச்சு அந்தக் கூச்சத்த எந்தச் சட்டம் கண்டுபுடிக்கும்னு எனக்குத் தெரியல.

இதுக்கு எதிர்த்தரப்பு ஒரு பதில் சொல்லும், அது என்னைய உறுத்துற பதில். "உங்க நாட்டுல மார்ஃபின் கிடைக்கலங்கிறதுக்காக, உங்க சமூகம் கிழவிய மதிக்கலங்கிறதுக்காக, தெளிவா யோசிச்சு கேக்குற ஒரு மனுசன ஏன் தண்டிக்கிறீங்க?" அப்படிப்பட்ட மனுசன நான் பாத்திருக்கேன். ரிட்டயர்டு வாத்தியார், கை கால்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தசையா செயலிழக்குற நரம்பு நோய். வலி இல்ல. மனச்சோர்வு இல்ல, சைக்கியாட்ரிஸ்ட் ரெண்டு தடவ பாத்தாச்சு. மகன் மருமக ரெண்டு பேரும் தங்கம், பணத்துக்கும் குறை இல்ல. அவரு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, குரல் ஒசத்தாம கேட்டாரு, "டாக்டர், நான் போதும்னு சொல்றேன், நீங்க யாரு வேணாம்னு சொல்ல?" அந்த வருசம் முழுக்க அவருகிட்ட நான் சட்டத்தத் தான் காட்டினேன், ஏன்னா வேற காட்ட ஒன்னும் இல்ல. கடைசியில வென்டிலேட்டர் வேணாம்னு அவரு எழுதிக் கொடுத்தாரு, அத நாங்க மதிச்சோம், கடைசி ரெண்டு நாள் மூச்சுத்திணறல் தெரியாம தூங்க வச்சோம். அதுக்கு சட்டத்துல இடம் இருக்கு. ஆனா அந்த ரெண்டு நாளுக்கு முன்னாடி இருந்த பதினாலு மாசம் அவருக்கு நான் கொடுத்தது அவரு கேட்டது இல்ல. இப்ப இங்க இந்தச் சட்டம் வேண்டாம்ங்கிறது தான் என் கருத்து, அந்தக் கருத்துக்கு வெல கொடுத்தவரு அவரு தான், நான் இல்ல.

இனி உங்க அப்பா விசயம். நீங்க எழுதினதுல ஒரு வரி எனக்கு மத்த எல்லாத்தையும் விடப் பெருசாப் பட்டுச்சு, வலிக்கு ட்ரமடாலும் பாரசிட்டமாலும் தான் ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. வாய், கழுத்துல திரும்ப வந்த கேன்சருக்கு அது பெரும்பாலும் பத்தாது. "பண்றதுக்கு ஒன்னுமில்ல"ன்னு உங்ககிட்ட சொன்னவரு குணப்படுத்துறதுக்கு ஒன்னுமில்லன்னு சொல்லியிருக்கணும், பாதியில நிறுத்திட்டாரு. நம்ம நாட்டுல அபினி பயிரிட்டு மார்ஃபினுக்கான சரக்கு வெளிநாட்டுக்கே போகுது, ஆனா 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பாதி ஆஸ்பத்திரி மார்ஃபின வாங்கி வைக்கிறதே இல்ல. 2014-ல சட்டத்த திருத்தி அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரிங்க வச்சுக்கலாம்னு சுளுவாக்கியாச்சு. அரசு கேன்சர் பிரிவு இருக்குற பெரிய ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க, மாத்திரை வெல பெருசு இல்ல. 2021-லருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயும் வீட்டுக்கு வந்து பாக்குற பல்லியேட்டிவ் கேர் சேந்திருக்கு, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரக் கொடுங்க, ஊருக்கு ஊரு தரம் மாறும், ஒரு தடவ கேட்டு விட்டுடாதீங்க.

அப்பா அடுத்த தடவ ஊசியக் கேக்கும்போது "அப்படியெல்லாம் பேசாதப்பா"ன்னு வாயடைச்சுடாதீங்க, எல்லாரும் அதத்தான் செய்றோம். "என்னப்பா ரொம்ப முடியல இப்ப?"ன்னு கேட்டுட்டு சும்மா உக்காருங்க. வலியா, புண்ணோட நாத்தத்தால பேரன் கிட்ட வரமாட்டேங்குறானா, ராத்திரி மூச்சு அடைச்சு செத்துடுவோமோன்னு பயமா, உங்களுக்கு செலவு வைக்கிறோம்னு நெனப்பா, ஒவ்வொன்னுக்கும் செய்ய ஒன்னு இருக்கு. நாத்தத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையப் பொடிச்சு புண்ணுல போடுறதே பெரிய வித்தியாசம் தெரியும், பாக்குற டாக்டர்கிட்ட கேட்டு ஆரம்பிங்க. மனச்சோர்வு இருக்கான்னு ஒரு டாக்டர் பாக்கணும், இந்த நிலையிலயும் அதுக்கு வைத்தியம் உண்டு. சாப்பாட்டு ட்யூப் வேணுமா வேணாமான்னு அவரையே கேளுங்க, அவரு தெளிவா வேணாம்னா அது தற்கொலை கிடையாது, உங்க மேல எந்தக் குத்தமும் வராது. ஐசியு வேணாம்னு நெனச்சா இப்பவே எழுதி வைக்கட்டும், கை ஓடும்போதே. அப்புறம் மார்ஃபின் மாத்திரை முழுங்க முடியலன்னா, உடனே வேலை செய்யுற சாதா மாத்திரையப் பொடிச்சு தண்ணியில கரைச்சு ட்யூப் வழியாவும் கொடுக்கலாம், நேரம் எடுத்து மெதுவா வேலை செய்யுற வகைய மட்டும் பொடிக்கவே கூடாது, எது எதுன்னு வாங்கும்போதே கேட்டுக்கங்க. எந்த மாவட்டம்னு மட்டும் சொல்லுங்க, அங்க மார்ஃபின் எங்க இருப்பு இருக்குன்னு விசாரிச்சு சொல்றேன்.